வைஃபை வந்தது, புளூடூத் போனது: ஒரு கார்டு மாற்றப் போய் பதினொரு நாள் பட்ட பாடு

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பில் வைஃபை கார்டு மாற்றுவது அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். எழுந்தது பதினொரு நாள் கழித்து. ஒரு கார்டு போதும் என்ற இடத்தில் இரண்டு வாங்கினேன், தேவையே இல்லாமல் டாங்கிள் என்ற, யூஎஸ்பியில் செருகும் குட்டிக் கருவி ஒன்றை வாங்கினேன், விண்டோஸை மொத்தமாக அழித்து மறுபடி போட்டேன், ஒரு வேலையைக் கெடு தாண்டிக் கொடுத்துத் தலைகுனிந்தேன். கடைசியில் வழி பிறந்தது என் புத்திசாலித்தனத்தால் அல்ல, கை நழுவி ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்ததால். தேடிப் பார்த்த இடத்திலெல்லாம் 'டிரைவரை அப்டேட் செய்யுங்கள்' என்ற ஒரே மந்திரம்தான் கிடைத்தது. டிரைவர் என்பது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். அது எனக்குப் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் வேலை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவது. ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்சு செய்ய நான்கைந்து மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் காதில் புளூடூத் ஹெட்ஃபோன், கையில் புளூடூத் மவுஸ். லேப்டாப்புக்கு ஐந்து வயது. மற்றபடி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, வைஃபை மட்டும் நாளுக்குப் பத்து முறை அறுந்துபோகும். பெரிய ஆடியோ கோப்பு பாதி இறங்கியிருக்கும்போது அறுந்தால் வரும் எரிச்சலைச் சொல்லவே வேண்டாம். அடிப்பக்க மூடியைத் திறந்தால் கார்டு தனியாகக் கழற்றக்கூடியது என்று தெரிந்ததும், புது கார்டு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போதே ஒரு கண்டம் தப்பியது. லேப்டாப்பில் இருந்தது எம்.2 வகை, 2230 அளவு. அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவு பொருந்தினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். போதாது. இன்டெல் கார்டுகளில் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை பார்க்க மற்றவற்றைப் போலவே இருந்தாலும், உண்மையில் அவை அரை கார்டுகள். மீதிப் பாதி வேலையைச் செய்யும் பகுதி லேப்டாப்பின் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். அதற்கு ஏற்ற இன்டெல் லேப்டாப்பில்தான் அவை வேலை செய்யும், ஏஎம்டி லேப்டாப்பில் ஒருபோதும் செய்யாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை முழு கார்டுகள். 201, 210 என்று இரண்டே இலக்கம் இடம் மாறிக் கிடக்கிறது, கண் ஏமாந்தால் போச்சு. நான் 201-ஐத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இன்னொன்று, சில பழைய லேப்டாப்களின் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழுந்து லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருளில், அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் இல்லாத கார்டைப் போட்டால் லேப்டாப் திரையில் ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு மேற்கொண்டு நகராது. என்னுடையதில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் மாடல் எண்ணைப் போட்டு இதைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சனிக்கிழமை காலை கார்டு வந்தது. வைஃபை 6இ தரம், புளூடூத்தும் சேர்ந்தது. ஷட் டவுன் செய்தேன், சார்ஜரைப் பிடுங்கினேன், அடிமூடியைக் கழற்றினேன். பழைய கார்டின் மேல் கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள், அதாவது ஆன்டெனாக்கள். அவற்றை நெம்பி எடுத்து, ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியதும் கார்டு சாய்வாக எழும்பி நின்றது. புதியதைச் செருகினேன், ஒயர்களை அழுத்தினேன், மூடினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றை மட்டும் செய்யவில்லை, பேட்டரியின் இணைப்பைக் கழற்றவில்லை. ஷட் டவுன் செய்தாயிற்று, சார்ஜரும் இல்லை, இனி என்ன கரண்ட் இருக்கப் போகிறது என்று ஒரு அலட்சியம்.

லேப்டாப் எழுந்ததும் வைஃபை பறந்தது. அரை மணி நேரம் இறங்கும் கோப்பு மூன்று நிமிடத்தில் இறங்கியது. அந்த மகிழ்ச்சியில் ஹெட்ஃபோனை மாட்டினேன். இணையவில்லை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் புளூடூத்தை ஆன் செய்யும் பொத்தானே காணோம். ஆஃப் ஆகி இருந்தால் பரவாயில்லை, அந்த லேப்டாப்பில் புளூடூத் என்ற ஒன்று பிறக்கவே இல்லை என்பது போல அந்த இடமே வெறுமையாக இருந்தது.

அப்போது நான் போட்ட கணக்கு இதுதான்: வைஃபை வேலை செய்கிறது, அப்படியானால் கார்டு நன்றாக இருக்கிறது, சரியாகச் செருகியும் இருக்கிறது, ஆகவே கோளாறு சாஃப்ட்வேரில்தான். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் முழுத் தவறு. ஒரே கார்டில் இருந்தாலும் வைஃபையும் புளூடூத்தும் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு குடித்தனம் மாதிரி. வாசல் தனித்தனி. நான் வாங்கியது போன்ற முழு கார்டுகளில் வைஃபை மதர்போர்டுடன், அதாவது லேப்டாப்பின் முதன்மைப் பலகையுடன், பேசுவது பிசிஐஇ என்ற வழியில். புளூடூத் பேசுவது யூஎஸ்பி வழியில். ஆம், பென்டிரைவ் செருகுகிறோமே, அதே யூஎஸ்பி. வெளியே தெரியும் ஓட்டைதான் இல்லை, கார்டு செருகும் இடத்திலேயே அதற்கான பின்கள் தனியாக இருக்கின்றன. இருவருக்கும் டிரைவரும் வேறு வேறு. கொல்லைப்புறம் மட்டும் பொது, அதாவது ஆன்டெனா. இந்தப் படம் மனதில் இருந்திருந்தால் நான் முதல் நாளே வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

ஏனென்றால் துப்பு முதல் நாளே கண்ணில் பட்டது. கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோது புளூடூத் என்ற தலைப்பே இல்லை. ஆனால் கீழே யூஎஸ்பி பகுதியில் மஞ்சள் குறியுடன் 'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று ஒரு வரி, அதன்மேல் சொடுக்கினால் 'கோட் 43' என்ற பிழை எண். யூஎஸ்பி என்று பார்த்ததும் ஏதோ பென்டிரைவ் ஓட்டையின் பிரச்சினை போலிருக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். அந்த வரிதான் என் புளூடூத். 'இங்கே யாரோ கதவைத் தட்டுகிறார், பெயர் கேட்டால் பதில் இல்லை' என்று விண்டோஸ் சொல்லிக்கொண்டிருந்தது. பெயரே சொல்லாத ஒன்றுக்கு எந்த டிரைவரைப் போட்டு என்ன பயன்?

இது தெரியாமல் அடுத்த ஐந்து நாளும் டிரைவரோடு மல்லுக்கட்டினேன். கார்டு தயாரிப்பாளரின் புளூடூத் டிரைவரை இறக்கினால் 'இதற்குரிய சாதனம் இல்லை' என்று பாதியில் நின்றது. பழைய பதிப்பைப் போட்டேன், அதற்கும் பழையதைப் போட்டேன். புளூடூத் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, பழைய கார்டின் எச்சங்களையெல்லாம் துடைத்தேன். ரீஸ்டார்ட் எத்தனை முறை செய்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனபோது வேறு ஒரு பூதம் கிளம்பியது. அடுத்த முறை லேப்டாப் எழும்போது நீலத் திரையில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி, மீட்புச் சாவியைக் கேட்டது. 48 இலக்க எண். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. போனை எடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி, அது அங்கே பத்திரமாக இருந்ததைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. பயாஸில் கைவைக்கும் முன் அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் இரவுதான் விண்டோஸை அழித்து மறுபடி போட்டது. கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் தட்டச்சு மென்பொருளில் நான் சேர்த்து வைத்திருந்த சுருக்கங்கள் அதில் இல்லை. 'நிஅ' என்று அடித்தால் 'நிதி அமைச்சர்' என்று விரியும், 'பேபோ' என்று அடித்தால் 'பேச்சுவார்த்தையின்போது' என்று விரியும். இப்படி நானூறுக்கு மேல், நான்கு வருடம் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அவை எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று நான் யோசித்ததே இல்லை. விண்டோஸ் புதிதாக எழுந்து நின்றது, சுருக்கங்கள் போய்விட்டன, புளூடூத்தும் வரவில்லை. இரவு இரண்டு மணி. அழுதேன் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

விண்டோஸை அழிப்பதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஒரு பென்டிரைவில், விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பிப் பார்ப்பது. உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைச் சிறிய எழுத்தில் அடித்தால் யூஎஸ்பி வழியில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். அதில் புளூடூத் இல்லை என்றால் விஷயம் முடிந்தது. விண்டோஸின் தவறு அல்ல, டிரைவரின் தவறும் அல்ல, மின்சாரமோ கார்டோ இணைப்போ ஏதோ ஒன்றுதான். பட்டியலில் இருந்தால் மட்டும் சாஃப்ட்வேரைச் சந்தேகிக்கலாம். இருபது நிமிட வேலை. என் நானூறு சுருக்கங்களும் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

இதற்கிடையில் வேலை நிற்கக் கூடாது என்று ஒரு யூஎஸ்பி புளூடூத் டாங்கிள் வாங்கினேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். அது உடனே வேலை செய்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை, வீம்பு. கார்டு பழுது என்று முடிவுகட்டி, விற்றவரிடம் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். 'வைஃபை வேலை செய்கிறதல்லவா, உறையையும் பிரித்துவிட்டீர்கள்' என்று மறுத்துவிட்டார்கள். கோபத்தில் வேறு இடத்தில் அதே மாடலில் இன்னொன்று வாங்கினேன். பழையது எது, புதியது எது என்று குழம்பக் கூடாது என்பதற்காக முதல் கார்டின் உறைமேல் மார்க்கரால் 'செத்த கார்டு' என்று எழுதி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது கார்டைப் போட உட்கார்ந்தேன். முதல் கார்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைத் திருகி எடுக்கும்போது அது ஸ்க்ரூடிரைவர் நுனியிலிருந்து நழுவியது. 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், ஆளைக் காணோம். மதர்போர்டின் மேல் எங்கேயோ ஒரு உலோகத் துண்டு கிடக்கிறது, எதையாவது தொட்டு ஷார்ட் ஆனால் லேப்டாப்பே காலி. கை நடுங்கியது. அந்தப் பயத்தில்தான் பேட்டரியிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இணைப்பைக் கழற்றினேன். லேப்டாப்பைக் கவிழ்த்து, மெதுவாகத் தட்டி, டார்ச் அடித்துத் தேடி, மின்விசிறியின் இறக்கைக்கு அடியில் ஸ்க்ரூவைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் இரண்டாவது கார்டைச் செருகி, பேட்டரியை மாட்டி, மூடினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில லேப்டாப்கள் சார்ஜரைச் செருகினால்தான் எழும். என்னுடையதும் அப்படித்தான். முதலில் பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்காதபோது, எல்லாம் முடிந்தது என்றே நினைத்துவிட்டேன்.

எழுந்ததும் டிவைஸ் மேனேஜரில் புளூடூத் என்ற தலைப்பு வந்திருந்தது. பெயர் தெரியாத அந்த யூஎஸ்பி வரியைக் காணோம். ஆனால் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி, இந்த முறை 'கோட் 10'. இதற்கு ஒரு மாலைப் பொழுது போனது. காரணம், ஓரத்தில் செருகியபடியே மறந்துபோன அந்த டாங்கிள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் ரேடியோவைத்தான் வைத்துக்கொள்ளும். இரண்டு இருந்தால் ஒன்று தொடங்க முடியாமல் நிற்கும். டாங்கிளைப் பிடுங்கி, அதன் டிரைவரையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் குறி போய்விட்டது.

இரண்டாவது கார்டு வேலை செய்ததால் முதல் கார்டு பழுது என்ற என் முடிவு உறுதியாகிவிட்டது. அது எப்படிப்பட்ட தவறு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் பேட்டரி விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல, பாதித் தூக்கம். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் செய்தால்தான் முழுசாக அணையும். அப்படி அணைத்த பிறகும் பேட்டரி இணைந்திருக்கும் வரை பல லேப்டாப்களில் கார்டு இருக்கும் இடத்துக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். புளூடூத் பகுதி ஒருமுறை குழம்பி உறைந்துவிட்டால், அந்தச் சொட்டு மின்சாரமே அதை உறைந்த நிலையில் காப்பாற்றி வைக்கும். நூறு ரீஸ்டார்ட் செய்தாலும் விழிக்காது. சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை முப்பது வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். சில லேப்டாப்களில் உள் பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டிக்கும் வசதி பயாஸிலேயே இருக்கும், மூடியைத் திறக்க வேண்டியதில்லை. கார்டு மாற்றாதவர்களுக்கும் சொல்கிறேன்: நேற்று வரை இருந்த புளூடூத் இன்று திடீரென்று மாயமாகி, கோட் 43 காட்டினால், எந்த டிரைவரையும் தொடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சரி, புளூடூத் வந்துவிட்டது, மவுஸ் இணையவில்லை. ஹெட்ஃபோனும் இணையவில்லை. ஒன்பது நாள் அனுபவத்தில் மறுபடியும் டிரைவர் பக்கம் ஓடப் பார்த்தேன். நல்லவேளையாக இந்த முறை நிதானித்தேன். மவுஸுக்கு என் லேப்டாப்பைத் தெரியாது, கார்டைத்தான் தெரியும். ஒவ்வொரு புளூடூத் கார்டுக்கும் தனி முகவரி உண்டு. இரு தரப்பும் முதல் முறை இணையும்போது ஒரு ரகசியச் சாவியைப் பரிமாறிக்கொண்டு, அதை அந்த முகவரியின் பெயரில் பதிந்து வைத்துக்கொள்கின்றன. கார்டு மாறினால் முகவரி மாறிவிட்டது, பழைய சாவி செல்லாது. டாங்கிளோடு இணைத்திருந்ததும் அப்படியே செல்லாமல் போனது. எனவே விண்டோஸ் பட்டியலில் பழைய பெயர்கள் இருந்தால் நீக்கிவிட்டு, மவுஸ், ஹெட்ஃபோன் ஒவ்வொன்றையும் புதிதாக இணைக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அதாவது பொத்தானைச் சில வினாடி பிடித்து விளக்கு வேகமாக மினுக்கும்போது, மறுபடி சேர்க்க வேண்டும். ஹெட்ஃபோன் தானாகப் போய் என் போனோடு ஒட்டிக்கொண்டு என்னைச் சுற்றலில் விட்டது. போனில் புளூடூத்தை அணைத்துவிட்டுச் செய்தால் இந்தக் குழப்பம் இருக்காது. இன்னொரு முக்கியமான விஷயம், இந்த வேலை நடக்கும்போது ஒயர் வைத்த மவுஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

பத்தாம் நாள் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால் ஹெட்ஃபோனில் கரகரப்பு. நேராக உட்கார்ந்திருந்தால் கேட்கிறது, குறிப்பெடுக்க வலப்பக்கம் திரும்பினால் ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. எழுந்து இரண்டு அடி நடந்தால் மொத்தமாக அறுந்துபோகிறது. என் வேலையில் ஒரு சொல் போனால் பதிவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்க வேண்டும். அன்றைக்கு ஒரு மணி நேரப் பதிவுக்கு எட்டு மணி நேரம் ஆயிற்று, கெடு தாண்டியதும் அன்றுதான். இதில் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றைச் சரிசெய்தபோது பாதிதான் தேறியது, அதனால் அது காரணமே இல்லை என்று நினைத்து அதையும் பழையபடி ஆக்கிவிட்டுத் தடுமாறினேன். இந்த மாதிரித் தேடலில் பாதி தேறினாலும் அதை அப்படியே விட்டுவிட்டு மீதிப் பாதிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

முதல் காரணம் ஆன்டெனா. புளூடூத்துக்கென்று தனி ஆன்டெனா கிடையாது, வைஃபையின் இரண்டு ஒயர்களில் ஒன்றைத்தான் அதுவும் பயன்படுத்தும். என் கார்டில் அது 2 என்று குறித்த பக்கம். மூடியைத் திறந்து, இந்த முறை பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒயரின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிதாக ஒரு உலோகத் தொப்பி. அது கார்டின் மேல் உள்ள வளையத்தில் முழுக்க உட்கார வேண்டும். 1-ஆம் பக்கத்துத் தொப்பி சமமாகப் படுத்திருந்தது. 2-ஆம் பக்கத்துத் தொப்பி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு, சரிந்த மூடி மாதிரி வெறுமனே மேலே கிடந்தது. மூடி போட்டபோது அழுந்தியதால் விழாமல் இருந்திருக்கிறது. அதை நேர்மேலே வைத்து, நடுவில் விரல் நகத்தால் செங்குத்தாக அழுத்தினால் 'டிக்' என்று ஒரு பிடிப்பு விரலில் தெரியும், காதில் கேட்காது. அந்தப் பிடிப்பு வரவில்லை என்றால் உட்காரவில்லை என்று பொருள். சாய்த்து அழுத்தாதீர்கள், வளையம் நசுங்கினால் கார்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். அடிக்கடி கழற்றி மாட்டவும் கூடாது, ஒவ்வொரு முறையும் பிடிப்பு கொஞ்சம் தளரும். பழைய மினி பிசிஐஇ கார்டுகளின் தொப்பி இதைவிடப் பெரியது, அந்த ஒயர் எம்.2 கார்டில் பொருந்தவே பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இதற்கும் ஒரு துப்பு முன்பே இருந்ததுதான் வேடிக்கை. வைஃபையின் இணைப்பு வேகம் 1200 மெகாபிட் காட்ட வேண்டிய இடத்தில் 600 காட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டர் தூரத்தில் இருப்பதால் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு ஆன்டெனாவில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் வைஃபை பாதி வேகத்தில் சத்தமில்லாமல் சமாளித்துக்கொள்ளும். புளூடூத்துக்கு இருப்பதே அந்த ஒன்று, அது தத்தளிக்கும். புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பில் உள்ள நீர் நன்றாக உறிஞ்சும் என்பதால்தான், நான் திரும்பும்போதெல்லாம் என் தோளே குறுக்கே நின்று சொல்லை விழுங்கியது.

இரண்டாவது காரணம் என் வெளி டிஸ்க். யூஎஸ்பி 3.0 வேகத்தில் தகவல் ஓடும்போது அந்த ஒயரும் ஓட்டையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். இது யாரோ கிளப்பிய புரளி அல்ல, இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி விரிவான ஆவணம் வெளியிட்டிருக்கிறது. விண்டோஸை மறுபடி போட்ட பிறகு கோப்புகளையெல்லாம் டிஸ்க்கிலிருந்தே திறந்து வேலை செய்துகொண்டிருந்தேன். டிஸ்க்கை மறுபக்க ஓட்டையில் ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டுத் தள்ளி வைத்ததும் கரகரப்பு நின்றது. கூடவே வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் தனக்குத் தோன்றியதைப் பிடித்துக்கொள்ளும். அது 2.4-ஐப் பிடித்துவிட்டால் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சந்துக்குள் இடித்துக்கொண்டு நடக்கும். புளூடூத் வினாடிக்கு 1600 முறை அலைவரிசை தாவி ஒதுங்கப் பார்க்கும்தான், ஆனாலும் ஒதுங்க இடம் வேண்டுமே.

கரகரப்பு வேறு, மட்டமான ஒலி வேறு. ஹெட்ஃபோனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தால் ஒலி உடனே பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். புளூடூத் பாட்டு கேட்கும் முறையிலிருந்து பேசும் முறைக்கு மாறிவிடுவதுதான் அதற்குக் காரணம், கார்டை நோகக் கூடாது. லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். தூங்கி எழுந்த பிறகு மட்டும் புளூடூத் காணாமல் போகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைத்துக்கொள்ளலாம்' என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் பகுதி எல்லாக் கணினிகளிலும் இருக்காது.

இப்போது யாராவது புளூடூத் வேலை செய்யவில்லை என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, டிவைஸ் மேனேஜரில் என்ன தெரிகிறது என்பதுதான். புளூடூத்தே தெரியவில்லை, அல்லது பெயர் தெரியாத யூஎஸ்பி என்று வருகிறது என்றால் மின்சாரத்தையும் இணைப்பையும் பார்க்கச் சொல்வேன். பெயர் தெரிகிறது, மஞ்சள் குறி இருக்கிறது என்றால் டிரைவர், அல்லது இன்னொரு புளூடூத் ஒளிந்திருக்கிறது. எல்லாம் சுத்தமாக இருந்தும் சாதனம் சேரவில்லை என்றால் பழைய சாவி. சேர்ந்த பிறகு திக்குகிறது என்றால் ஆன்டெனா அல்லது இரைச்சல். என் பதினொரு நாளில் இந்த நான்கும் வரிசையாக வந்தன. நான்குக்கும் முதலில் எனக்குத் தோன்றிய மருந்து ஒன்றே, டிரைவர்.

இனி அந்த முதல் கார்டு. மூன்று வாரம் கழித்து என் தம்பி அவனுடைய டெஸ்க்டாப்புக்கு வைஃபை வேண்டும் என்றான். எம்.2 கார்டை உட்காரவைத்து டெஸ்க்டாப்பின் பிசிஐஇ இடத்தில் செருகும் அடாப்டர் பலகை ஒன்றை அவனே வாங்கி வைத்திருந்தான். என்னிடம் ஒரு கார்டு சும்மா கிடக்கிறது, வைஃபை மட்டும் வரும், புளூடூத் செத்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் செய்தான்.

"அக்கா, வைஃபை சூப்பரா வருது. நீ சொன்ன மாதிரியே புளூடூத் மட்டும் இல்ல."

பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று ஒரு அற்ப சந்தோஷம். அடுத்த நொடியே யூஎஸ்பி நினைவுக்கு வந்தது. பிசிஐஇ இடத்தில் செருகினால் வைஃபைக்கு வழி கிடைத்துவிடும். புளூடூத்துக்கு யூஎஸ்பி எங்கிருந்து வரும்?

"டேய், அந்த அடாப்டர் பெட்டில மெல்லிசா ஒரு ஒயர் இருந்துச்சா?"

"ஆமா, ஒண்ணு இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல, எக்ஸ்ட்ரா போலருக்குன்னு எடுத்து வெச்சிட்டேன்."

கரண்டை முழுக்க அணைத்துவிட்டு, ஒரு முனையை அடாப்டரிலும் மறுமுனையை மதர்போர்டில் யூஎஸ்பி என்று எழுதியிருக்கும் ஒன்பது பின் உள்ள இடத்திலும் செருகச் சொன்னேன். ஒரு பின் இருக்காது, அந்தப் பக்கம் ஒயரிலும் ஓட்டை அடைத்திருக்கும், அதைப் பார்த்து மாட்டு, பலவந்தமாக அழுத்தாதே, பக்கத்தில் இருக்கும் பெரிய யூஎஸ்பி 3.0 இடத்தில் போடாதே என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாட்டினான். கணினி எழும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சுக்கா. என் ஹெட்செட்டக் காட்டுது. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு உறை மேல செத்த கார்டுன்னு எழுதி வெச்சிருக்க?"